இருமுறை கட்டப்பட்ட ஊர்

பணியின் பொருட்டு ஊர்விட்டு வந்து வாழ்வோர்க்குப் பிறந்த ஊர் இரண்டாகிவிடுகிறது. ஒன்று, நாளும் மாறிவரும் ஊர். மற்றொன்று, நாம் புறப்பட்ட நாளில் இருந்தபடியே நெஞ்சில் நிலைத்துவிட்ட ஊர். இவ்வுண்மையை நமக்குத் தெளிவித்தது, நாம் கண்ணால் காணாத ரிமினி என்னும் இத்தாலியக் கடற்கரை நகரின் வரலாறு.

ஏட்ரியாட்டிக் கடலோரத்து இந்நகரை உரோமர் கி.மு. 268இல் அரிமினம் என்னும் பெயரால் நிறுவினர். உரோமிலிருந்து வந்த ஃபிளாமினியப் பெருவழி இங்கு முடிந்தது. வடமேற்கே செல்லும் எமிலியப் பெருவழி இங்குத் தொடங்கிற்று. கி.மு. 27இல் எழுந்த அகஸ்டஸ் வளைவும், கி.பி. 21இல் டைபீரியஸ் காலத்தில் நிறைவுற்ற கற்பாலமும் இன்றும் நிற்கின்றன. 1843இல் கடல் நீராட்டு நிலையம் திறக்கப்பட்ட பின்னரே அதன் மணற்பரப்பு செல்வமாயிற்று. 1908இல் கிராண்ட் ஹோட்டல் என்னும் மாளிகை எழுந்தது. செல்வர் கோடையைக் கழிக்க வந்தனர்.

1920இல் அவ்வூரிற் பிறந்தவர் திரைப்பட இயக்குநர் ஃபெலினி. 1939இல் பிழைப்புத் தேடித் தலைநகராம் உரோமுக்குச் சென்றார். அவர் சென்றபின் போர் வந்தது. 1943 நவம்பர் முதல் குண்டுகள் விழுந்தன. 1944 செப்டம்பரில் நேசப்படைகள் நுழைந்தபோது நகரின் பெரும்பகுதி இடிந்து கிடந்தது. அச்சுற்றுப்புறப் போர்களில் இந்தியப் படையினரும் பொருதனர். அவர்களுள் மடிந்தோர்க்குரிய கூர்க்காப் போர்க் கல்லறைத் தோட்டம் ரிமினியில் உள்ளது. தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பெற்ற வீரர்க்கும் ஆங்கே நினைவுச் சின்னம் உண்டு. ஊர் திரும்பாமலே போனவர்கள் அவர்கள்.

போருக்குப்பின், ஊரில் இருந்தவர்கள் இடிபாட்டின்மீது அமர்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. குடும்பம் குடும்பமாகச் சிறு விடுதிகள் தொடங்கினர். மனைவி சமைத்தாள், மக்கள் பரிமாறினர். செல்வர்க்கே உரியதாயிருந்த கடல், தொழிலாளர் குடும்பங்களுக்கும் உரியதாயிற்று. ஊர் பிழைத்தது, ஆனால் பழைய ஊர் இல்லை.

ஃபெலினி என் செய்தார்? தம் இளமைக்காலத்து ஊரை 1973இல் ‘அமர்கார்ட்’ என்னும் படமாக்கினார். ‘நினைவிருக்கிறது’ என்பது அவ்வட்டாரப் பேச்சில் அச்சொல்லின் பொருள். ஆனால் அதற்காக அவர் ரிமினிக்குச் செல்லவில்லை. உரோமின் சினெசிட்டா படப்பிடிப்பு நிலையத்தில் அத்தெருக்களைப் புதிதாகக் கட்டுவித்தார்.

இப்படத்தை நாம் கண்ட நாளில் நம் மேசையில் ஒரு தாள் கையொப்பத்திற்குக் காத்திருந்தது. ஊரிலுள்ள பழைய ஓட்டுவீட்டை இடித்து, கீழே கடையும் மேலே குடியிருப்புமாகக் கட்டத் தம்பி இசைவு கேட்டிருந்தான். இரண்டாண்டுகளாக நாம் விடை கூறவில்லை. திண்ணையும் முற்றமும் அப்படியே இருத்தல் வேண்டும் என்பது நம் விருப்பம். ஆண்டுக்கு ஒருமுறை, பத்து நாள் விடுப்பில் சென்று அமர்வதற்குத்தான் நமக்கு அத்திண்ணை. மழைதோறும் ஓடு மாற்றுவதும் ஒழுகுமிடத்தில் பாத்திரம் வைப்பதும் அவன் வேலை.

ரிமினியின் வரலாறு நம்மை நாணச் செய்தது. ஊரில் இருப்போர் வாழ்வதற்காகக் கட்டுகின்றனர்; பிரிந்து வந்தோர் நினைப்பதற்காகக் கட்டுகின்றனர். இரண்டும் நியாயமே. ஆனால் நம் நினைவுக்காக அவர்கள் வாழ்வை நிறுத்திவைக்கக் கேட்பது நியாயமன்று. ஃபெலினி தம் ஊரை மாறாதே என்று தடுக்கவில்லை. தமக்கு வேண்டிய ஊரைத் தாமே கட்டிக்கொண்டார்.

மறுநாள் கையொப்பமிட்டு அனுப்பினோம். அன்றிரவு பிள்ளைகளை அருகழைத்து, திண்ணை எவ்வளவு நீளம், முற்றத்தில் மழை எப்படி விழும் என்று சொல்லத் தொடங்கினோம். இளையவள் தாளெடுத்து வரையலானாள்.

1993இல் உரோமில் மறைந்த ஃபெலினியை ரிமினியில்தான் அடக்கம் செய்தனர். மாறிய ஊர்தான் அவரை ஏற்றுக்கொண்டது.