காலை ஆறு மணிக்கு எல்லாம் பச்சை

சர்வரில் ஓடும் செயலி விழுந்தால் தானாக எழுந்துகொள்ளும்படி அமைத்துக் கொடுப்பது என் வேலை. அந்த வேலையை வைத்தே ஒரு கோளாறை மூடி மறைத்தேன். தெரியாமல் நடந்ததல்ல.

ஒரு கல்லூரியின் கட்டணத் தளம் அது. முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் ஜாங்கோ செயலியை ஓட்டும் ஜியூனிகார்ன், அதற்குக் காவலாக சிஸ்டம்டி. என்ஜின்எக்ஸ் வாங்கித் தள்ளும் கோரிக்கையை எடுக்கப் பின்னால் ஆளில்லை என்றால் திரையில் 502 வரும். அது வராமலிருக்க சர்வீஸ் ஃபைலில் ‘ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்’ என்று ஒரு வரி போட்டால் போதும். செத்த ப்ராசஸ் 100 மில்லி செகண்டில் மறுபடி கிளம்பும், யாருக்கும் தெரியாது.

ரசீதுக்கு பிடிஎஃப் உருவாக்கும் இடத்தில் மெமரி கசிந்தது. ஊதிக்கொண்டே போய், கடைசியில் கர்னலே ப்ராசஸைக் கொன்றுவிடும். லாக்கில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தெளிவாகவே இருந்தது. படித்தேன். அது நான் அவசரத்தில் எழுதிக் கொடுத்த பகுதி. கிட்டில் என் பெயர் இருக்கிறது. கிளறவில்லை.

மாறாக, விடியற்காலை நான்கு மணிக்கு எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்ய ஒரு க்ரான் போட்டேன். இத்தனை கோரிக்கைக்கு ஒருமுறை வொர்க்கரை மாற்றும் வசதி ஜியூனிகார்னில் உண்டு. கசிவைக் கண்டுபிடிக்கும்வரை தாக்குப்பிடிக்க அதைப் போடலாம், தப்பில்லை. நான் போட்டுவிட்டுத் தேடுவதையே நிறுத்திவிட்டேன். பத்து விநாடிக்குள் ஐந்து முறை கிளம்பியும் நிற்காவிட்டால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். ஏதோ பெரிய கோளாறு, மனிதன் வந்து பார்க்கட்டும் என்று வைத்த வரம்பு அது. அதையும் பூஜ்யமாக்கி அணைத்தேன்.

தானாக எத்தனை முறை எழுப்பினோம் என்று சிஸ்டம்டி ஒரு கணக்கு வைத்திருக்கும். நாமாக ரீஸ்டார்ட் செய்தால் அது பூஜ்யத்துக்குப் போய்விடும். என் க்ரான் தினமும் அந்தக் கணக்கை அழித்தது. காலை ஆறு மணிக்கு டாஷ்போர்டைத் திறந்தால் எல்லாம் பச்சை. மாத அறிக்கையில் ‘தளம் தடையின்றி இயங்கியது’ என்று கூசாமல் எழுதினேன். தடையில்லைதான், 502 என்னவோ அபூர்வம். ஆனால் ப்ராசஸ் சாகும் அந்தக் கணத்தில் அதன் கையிலிருந்த வேலை என்னாகும் என்பதை எந்தப் பச்சை விளக்கும் காட்டாது.

கட்டணம் கட்டக் கடைசி நாளன்று அது தெரிந்தது. வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. மறுநாள் கணக்குப் பிரிவு ஜன்னலில் பெற்றோர்கள் வரிசை. ஒருவர் போனில் வந்த வங்கிக் குறுஞ்செய்தியைக் கம்பிக்குள் நீட்டி, “இதுல காசு போயிருக்கு பாருங்க சார்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று மேலாளர் கேட்டபோது, “நெட்வொர்க் பிரச்சினை சார்” என்றேன்.

நெட்வொர்க் பார்க்கும் நண்பருக்குத் திட்டு விழுந்தது. இரவெல்லாம் கேபிளைச் சோதித்துவிட்டு, எதுவும் அகப்படாமல், சந்தேகத்தின் பேரில் ஒரு ஸ்விட்ச்சையே மாற்றினார். பிறகு ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் நிரலைத் திறந்தேன். உருவாக்கிய ரசீதையெல்லாம் ஒரு லிஸ்ட்டில் சேர்த்துக்கொண்டே போகும் ஒரு வரி, யாருக்கும் பயன்படாதது. அழித்தேன். க்ரானையும் எடுத்தேன். மாற்றத்துக்கு ‘சிறு திருத்தம்’ என்று குறிப்பு எழுதினேன்.

புது ஸ்விட்ச் வந்ததால்தான் தளம் சரியானது என்று நண்பர் இன்றும் நம்புகிறார். நான் திருத்தவில்லை.