பெருந் துப்பாக்கியில் சிறு தோட்டா

பள்ளிக்கூட வாத்தியாருக்கும் கைத்துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதுகாறும் நம் கையில் இருந்த ஆயுதம் சுண்ணாம்புக் கட்டி ஒன்றே. ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்காவிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில் நாம் கண்ட ஒரு காட்சி, நம்முடைய தொழிலைப் பற்றியே நமக்கு ஒரு பாடம் புகட்டிவிட்டது.

மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், கனெக்டிகட் நதிக்கரையில் இருக்கிறது இந்த நகரம். நம் மைத்துனர் அங்கே வெகு காலமாகக் குடும்பத்துடன் வசித்து வருகிறார். மே மாதமாகையால் மரங்கள் அப்போதுதான் துளிர்த்துப் பசேலென்று நின்றன. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி வெளியாவது இந்த ஊரில்தான். 1891-ஆம் ஆண்டில் கூடைப்பந்து விளையாட்டு பிறந்ததும் இங்கேதான். ஆகவே, வாத்தியார்களுக்கும் மாணாக்கர்களுக்கும் இது ஒருவகையில் புண்ணிய க்ஷேத்திரமே என்று எண்ணிக்கொண்டு போய் இறங்கினோம்.

ஆனால், இந்த ஊரின் பழைய கீர்த்தி வேறு. 1794 முதல் 1968 வரையில் அமெரிக்க அரசாங்கத்தின் ஆயுதசாலை இங்கே நடைபெற்றது. இப்போது அது காட்சிசாலை. அங்கே துப்பாக்கிகளை நெட்டுக்குத்தாக வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மாதாகோயிலில் உள்ள குழல் வாத்தியம் போலவே தோன்றுகிறது. கவி லாங்பெல்லோ 1843-இல் தம் புது மனைவியுடன் இங்கே வந்து இக்காட்சியைக் கண்டு, பின்னர் சமாதானத்தை வேண்டி ஒரு பாடல் இயற்றினார். ஆயுதசாலையைப் பார்த்துச் சமாதானத்தை நினைத்த அந்தத் தம்பதியிடம் நமக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ரிவால்வர் செய்துவந்ததும் இதே ஊரில்தான். அதன் தலைமைக் காரியாலயம் 2023-இல் டென்னஸி மாநிலத்துக்குப் போய்விட்டது. என்றாலும், ஊராரின் பேச்சில் துப்பாக்கி இன்னும் இருக்கிறது. நம் ஊர்களில் திண்ணையில் கூடினால் மழையைப் பற்றிப் பேசுவது போல!

மைத்துனரின் அண்டை வீட்டுக்காரர் ஒரு முதியவர். இயந்திரத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். மைத்துனரின் மகள் கல்லூரி மாணவி. அவளுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பதாக அவர் வாக்களித்திருந்தார். "நீங்களும் வாருங்கள், அத்தான், சும்மா வேடிக்கை பாருங்கள்" என்றார் மைத்துனர். வீஸாவில் விருந்தாளியாக வருகிற அந்நியர் துப்பாக்கியைக் கையாள அந்நாட்டுச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை என்று கேட்டு, நம் இல்லாள் ஆறுதலாகப் பெருமூச்சு விட்டாள். நாமும் உள்ளூர அப்படியே.

சுடும் சாலையில் எல்லோருக்கும் காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் கொடுத்தார்கள். முதியவருடையது '357 மாக்னம்' ரிவால்வர். 1935-இல் இந்த ஊரில் தோன்றிய ஜாதி அது. "பெரியதையே முதலில் பழகிவிட்டால் சிறியது தானே வந்துவிடும்" என்பது மைத்துனரின் சித்தாந்தம். முதியவர் புன்னகை செய்து, மாக்னம் தோட்டாக்கள் மூன்றை இட்டுப் பெண்ணிடம் கொடுத்தார்.

முதல் வெடியில் நெருப்புப் பிழம்பு சீறிற்று. குழல் வானத்தை நோக்கி எழும்பிற்று. இரண்டாவது முறை பெண்ணின் தோள்கள் குறுகின. மூன்றாவது முறை, விசையை இழுப்பதற்கு முன்பே கண்கள் மூடிவிட்டன. குண்டு குறிப்பலகைக்கு வெகு கீழே மண்ணில் புதைந்தது. "எனக்கு இது வராது, மாமா" என்று நம்மைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். அந்தக் குரலை வேறு எங்கோ கேட்டிருக்கிறோம் என்று தோன்றிற்று.

முதியவர் ஒன்றும் பேசாமல் ரிவால்வரை வாங்கி, வேறொரு பெட்டியைத் திறந்து, இரண்டு தோட்டாக்களை உள்ளங்கையில் நிறுத்திக் காட்டினார். ஒன்று மாக்னம். மற்றொன்று '38 ஸ்பெஷல்'. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த மூத்த சகோதரன். பெயரில் 38, 357 என்று வேற்றுமை இருந்தாலும் இரண்டின் குண்டும் ஒரே பருமன். அங்குலத்தில் ஆயிரத்தில் 357 பங்கு. 38 என்பது குண்டின் பருமனே அன்று. பழைய காலத்துத் தோட்டாக் கூட்டின் பருமனையொட்டி வந்த பெயர். வழக்கம் மாறியும் பெயர் மாறவில்லை.

வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது. ஸ்பெஷலின் பித்தளைக் கூடு 1.155 அங்குலம், மாக்னத்தினுடையது 1.29 அங்குலம். இந்தச் சிறு நீளத்தை வேண்டுமென்றே கூட்டினார்கள். ஏனெனில், ஸ்பெஷல் வெடிக்கும்போது உண்டாகும் அழுத்தத்துக்கு விதித்த எல்லை சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, மாக்னத்துக்கோ 35,000. ஸ்பெஷலுக்கென்று செய்த துப்பாக்கியில் மாக்னத்தை இட்டால் துப்பாக்கியே பிளந்துபோகலாம். நீளம் அதிகமானதால் அது உள்ளே போகாமல் நின்றுவிடும். மாக்னம் துப்பாக்கியில் ஸ்பெஷலை இடுவதில் அந்த அபாயம் இல்லை. தோட்டாவின் அடியிலுள்ள விளிம்பு அறையின் வாயில் பதிந்துகொள்வதால், கூடு குட்டையாக இருந்தாலும் தோட்டா சரியாகவே நிற்கும்.

"பெரியதைத் தாங்குவது சிறியதையும் தாங்கும், சிறியதன்மேல் பெரியதை ஏற்றக்கூடாது" என்றார் முதியவர்.

பெண் மறுபடியும் சுட்டாள். கனத்த துப்பாக்கி, இலேசான தோட்டா. குழல் சிறிதே அசைந்தது. சத்தமும் குறைவு. ஆனாலும் பழைய அச்சம் கையைவிட்டுப் போகவில்லை. முதியவர் ஒரு தந்திரம் செய்தார். ஆறு அறைகளில் நான்கில் தோட்டாவும் இரண்டில் வெறுங் கூடுமாக, அவளுக்குத் தெரியாமல் கலந்து இட்டார். வெறுங் கூடு வந்தபோது 'டிக்' என்று ஓசை மாத்திரம் கேட்டது. வெடியே இல்லாமல் குழல் கீழே குனிந்தது! குற்றம் துப்பாக்கியில் இல்லை, வரப்போகும் அதிர்ச்சியை எதிர்பார்க்கும் கையில் இருக்கிறது என்று அவளே கண்டுகொண்டு வெட்கத்துடன் சிரித்தாள். ஒரு மணி நேரத்துக்கெல்லாம் 'டிக்' என்றபோதும் குழல் அசையாமல் நின்றது.

நமக்கோ சிரிப்பு வரவில்லை. பல வருஷங்களுக்கு முன் கணக்கு வகுப்பில் ஒரு பையன். பள்ளி திறந்த முதல் நாளன்றே, நம் வகுப்பு எத்தகையது என்று எல்லோரும் அறியட்டுமென்று, மிகக் கடினமான கணக்கு ஒன்றைப் போட்டு அவனை எழுப்பினோம். அவன் விழித்தான், வகுப்பு நகைத்தது. "எனக்கு இது வராது, ஸார்" என்றான். அதன்பின் எளிய கணக்கைக் கேட்டாலும், கேள்வி முடிவதற்கு முன்பே அவன் தலை குனிந்துவிடும். மந்தபுத்தி என்று தீர்மானித்துவிட்டோம். மறு வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை. குனிந்தது அவன் புத்தியன்று, நாம் முதல் நாள் வெடித்த வெடியே அவனைக் குனிய வைத்தது என்பதை அறிந்துகொள்ள நாம் ஸ்பிரிங்பீல்டு வரையில் போகவேண்டியிருந்தது.

கடைசியாகப் பெண்ணே மாக்னத்தைக் கேட்டு வாங்கினாள். ஆனால், தோட்டா முழுவதும் உள்ளே போகாமல் சிறிது வெளியே நின்றது. குட்டைத் தோட்டாக்களையே வெகு நேரம் சுட்டதனால், அவற்றின் வாய்க்கு எதிரே அறைக்குள் கரி வளையமாகப் படிந்திருந்தது. "பலவந்தமாக அழுத்தாதே!" என்று தடுத்தார் முதியவர். ரிவால்வரைக் காலிசெய்து, எண்ணெய் தோய்ந்த தூரிகையால் ஆறு அறைகளையும் பொறுமையாகத் துலக்கிக் கொடுத்தார். இப்போது தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கிற்று. அவள் சுட்ட ஆறில் நான்கு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. மைத்துனர் தம் சித்தாந்தத்தைப் பற்றி மறுபடியும் பேசவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், முதல் நாள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த எளிய கணக்கொன்றைக் கரும்பலகையில் எழுதினோம். பின்வரிசைப் பையன் ஒருவன், 'இவ்வளவுதானா?' என்பது போல நம்மைப் பார்த்தான். இவ்வளவுதான், இன்றைக்கு. எளியதிலேயே இருந்தாலும் கரி படியும் என்பதை நாம் மறக்கவில்லை. தூரிகையும் மேஜைமேல் தயாராக இருக்கிறது. ஆனால், அன்று பள்ளியை விட்டுப் போன அந்தப் பையனுக்கு நாம் பட்ட கடன் மாத்திரம் அப்படியே நிற்கிறது.