மாட்ரிட் கரடியின் பங்கு

மாட்ரிட்டில் கரடியின் கண்ணில் படாமல் நடக்க முடியாது. வெள்ளை டாக்சியின் கதவில் இருக்கிறது, தெருவில் பதித்த சாக்கடை மூடியில் இருக்கிறது, அத்லெதிகோ கால்பந்து அணியின் சட்டையில்கூட இருக்கிறது. எங்கே பார்த்தாலும் ஒரே கோலம்: பின்னங்கால்களில் எழும்பி, மரத்தைப் பற்றிக்கொண்டு பழத்துக்கு வாய் நீட்டும் கரடி.

புவேர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் அதுவே சிலையாக நிற்கிறது. அந்தோனியோ நவார்ரோ சாந்தாஃபே வடித்து, 1967-இல் நிறுவப்பட்டது. குதிகாலைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் தடவித் தடவி, அந்த இடம் மட்டும் பளபளக்கிறது. நானும் வரிசையில் நின்று தொட்டேன்.

ஸ்பெயினின் அரச சின்னத்தில் கோட்டை உண்டு, கர்ஜிக்கும் சிங்கம் உண்டு. தலைநகரின் சின்னத்திலோ பழம் தின்னும் கரடி! காரணம் ஒரு நிலத் தகராறு.

13-ஆம் நூற்றாண்டில் மாட்ரிட் சிற்றூர்தான். சுற்றிலும் வேட்டைக்காடு. அந்தக் காடும் மேய்ச்சல் நிலமும் யாருக்கு என்று ஊர்ச் சபையும் திருச்சபைக் குருமாரும் நெடுங்காலம் மோதிக்கொண்டார்கள். 1222-இல் சமரசம் ஏற்பட்டது என்கிறது ஊர் மரபு: புல் குருமாருக்கு, மரம் ஊர்ச் சபைக்கு. அதுவரை சின்னத்தில் நான்கு காலில் நின்ற கரடியை ஊர்ச் சபை மரத்தின் மேல் நிமிர்த்தியது. குருமாரின் சின்னத்திலோ கரடி புல்வெளியிலேயே நின்றுவிட்டது. ஆக, இது கேடயத்தில் வரைந்த பட்டா.

மரம் மத்ரோன்யோ. தாவரவியல் பூங்காவில் அதைத் தேடிப் போனேன். பழம் முற்ற ஏறக்குறைய ஓராண்டு ஆவதால், இலையுதிர் காலத்தில் இந்த ஆண்டின் வெள்ளைப் பூவும் போன ஆண்டுப் பூவில் விளைந்த சிவப்புப் பழமும் ஒரே கிளையில் தொங்குகின்றன. பழத்தின் தோல் சொரசொரப்பு. அதில் வடிக்கும் இனிப்பு மதுவைப் பழைய ஊர்ப் பகுதியில் சிறு கோப்பையில் தருகிறார்கள்.

கேடயத்தின் நீல விளிம்பில் ஏழு வெள்ளி நட்சத்திரங்கள். அவை பெருங்கரடி விண்மீன்கள், நம் சப்தரிஷி மண்டலம், என்பது வழக்கமான விளக்கம். உச்சியில் இருக்கும் கிரீடம் 1544-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அனுமதித்தது. அவர் மகன் இரண்டாம் பிலிப் 1561-இல் அரசவையையே இங்கு கொண்டுவந்தார், சிற்றூர் தலைநகரானது.

பேரரசின் தலைநகரான பிறகு சிங்கத்துக்கோ கழுகுக்கோ மாறியிருக்கலாம். மாட்ரிட் மாறவில்லை. கிரீடம் அரசர் கொடுத்தது. மரம் ஊர் வழக்காடி வாங்கியது. வழக்காடி வாங்கியதை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்?