கார் கிளைம் இழுத்தடிக்கிறதா? போனை வைத்துவிட்டு மெயில் போடுங்க

கார் இன்சூரன்ஸ் பற்றி ஒரு டாக்டர் எதுக்கு எழுதணும்னு கேட்பீங்க. ரெண்டு காரணம் இருக்கு. ஒன்று, என் சொந்த வண்டி அடிபட்டு 64 நாள் சர்வீஸ் சென்டரில் நின்றது. இன்னொன்று, நாங்க கேஷுவாலிட்டியில் எழுதும் ஒரு வரி, பல மாதம் கழித்து ஒருத்தரோட கிளைமை எப்படி நிறுத்தி வைக்கும் என்பதை அந்த 64 நாளில்தான் முழுசாகப் பார்த்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. வண்டி வைத்திருப்பவர்கள் பொறுமையா படிங்க.

முதலில் என் கதை, சுருக்கமாக. திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் டோல்கேட் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த டிப்பர் லாரி இடித்தது. எனக்கும் மனைவிக்கும் பெரிய அடி இல்லை. அவருக்குக் கழுத்து வலி பத்து நாள் இருந்தது. வண்டிக்குப் பின்பக்கம் மொத்தமும் போச்சு. டிக்கி கதவு, பம்பர், பின் கண்ணாடி, டிக்கிக்குக் கீழே உள்ள தகடு எல்லாம். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கினேன். அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லி கிளைம் நம்பரும் வாங்கியாச்சு. மறுநாள் சர்வேயர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். தன்மையான மனிதர். எஸ்டிமேட் 1,86,000 ரூபாய்.

இதுவரை எல்லாம் வேகம். அதற்கப்புறம்தான் ஆட்டம் ஆரம்பம்.

எட்டாவது நாள் ஆர்சியும் லைசென்ஸும் கேட்டார்கள். அனுப்பினேன். பதினைந்தாவது நாள் பான் கார்டும் கேன்சல் செக்கும். அனுப்பினேன். இருபத்திரண்டாவது நாள், "சார், எஃப்ஐஆர் இல்லையே?" சிஎஸ்ஆர் ரசீது முதல் நாளே போயிருக்கு என்றேன். "அப்படியா, செக் பண்ணிட்டுக் கூப்பிடுறேன் சார்." கூப்பிடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் வேற ஒருத்தர் எடுப்பார், நான் முதலிலிருந்து கதை சொல்லணும். சர்வீஸ் சென்டரில் கேட்டால் "அப்ரூவல் வரல சார்". கம்பெனியில் கேட்டால் "சர்வேயர் ரிப்போர்ட் பெண்டிங் சார்". சர்வேயருக்குப் போட்டால் "நான் எப்பவோ கொடுத்துட்டேனே டாக்டர்" என்கிறார். மூணு பேரும் மரியாதையாத்தான் பேசினார்கள். யாரும் கத்தவில்லை, மறுக்கவும் இல்லை. மறுத்திருந்தால் மேல்முறையீடாவது செய்யலாம். "ப்ராசஸில் இருக்கு" என்ற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மருத்துவத்தில் எங்களுக்கு முதல் வருஷமே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. கேஸ் ஷீட்டில் எழுதாத வைத்தியம் செய்யாத வைத்தியம். ராத்திரி மூணு மணிக்கு நோயாளியை நேரில் போய்ப் பார்த்திருந்தாலும், எழுதவில்லை என்றால் கோர்ட்டில் நீங்க பார்க்கவே இல்லை. இன்சூரன்ஸ் ஆபீஸும் அதே மாதிரிதான் வேலை செய்கிறது. நீங்க போனில் பேசிய நாற்பது நிமிஷம் அவர்கள் ஃபைலில் எங்கேயும் இருக்காது. கேட்டதற்குத் தடயம் இல்லை என்றால் தாமதத்துக்கும் தடயம் இல்லை.

அதனால் இருபத்தாறாவது நாள் போனை விட்டுவிட்டு மெயில் போட்டேன். அதில் கோபம் ஒரு வரி கூட இல்லை. கிளைம் நம்பர், விபத்து நாள், சர்வேயர் வந்த நாள், நான் எந்தெந்த நாள் எந்தெந்தப் பேப்பர் அனுப்பினேன் என்ற விவரம். கீழே மூன்று கேள்வி. சர்வே ரிப்போர்ட் உங்களுக்கு வந்த தேதி என்ன? அதன் நகல் எனக்கு வேண்டும். இன்னும் ஏதாவது பேப்பர் பாக்கி இருந்தால் மொத்தமாக ஒரே தடவையில் எழுத்தில் சொல்லுங்க.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 ஜூனில் பொதுக் காப்பீட்டுக்கு ஒரு மாஸ்டர் சர்க்குலர் வெளியிட்டது. சர்வேயர் தேவைப்படும் கிளைமில், தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் அவரை நியமிக்கணும். அவர் 15 நாளுக்குள் ரிப்போர்ட் தரணும். ரிப்போர்ட் கைக்கு வந்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்லணும். பேப்பர் இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி கிளைமை நிராகரிக்கக் கூடாது. கிளைமுக்கு நிஜமாகவே தேவையான பேப்பரை மட்டும்தான் கேட்கலாம். அதாவது கடிகாரம் ஓடுவது சர்வே ரிப்போர்ட் வந்த தேதியிலிருந்து. அந்தத் தேதி நமக்குத் தெரியாதவரை கடிகாரம் அவர்கள் கையில்.

பதில் ரெண்டு நாளில் வந்தது. ரிப்போர்ட் பதினோராவது நாளே போய்ச் சேர்ந்திருக்கு! அப்படின்னா பதினெட்டாவது நாளுக்குள் முடிவு சொல்லியிருக்கணும். அதே தேதியைக் குறிப்பிட்டு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு முப்பதாவது நாள் எழுதினேன். பதில் இல்லை. முப்பத்தாறாவது நாள் பீமா பரோசா தளத்தில் புகார் பதிவு செய்தேன். இது ஐஆர்டிஏஐ நடத்தும் தளம். புகாரை அவர்கள் விசாரித்துத் தீர்ப்பு சொல்லமாட்டார்கள், கம்பெனிக்கே திருப்பி அனுப்புவார்கள். அப்புறம் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். ஆணையத்தின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அந்தப் புகார் திறந்தபடி கிடக்கும், அதுதான் பிரயோஜனம். நாற்பத்தோராவது நாள் அப்ரூவல் வந்தது. டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடிந்து வண்டி வர இன்னும் மூணு வாரம் ஆச்சு.

பணக் கணக்கு கேட்பீங்க. கடைசி பில் 1,78,640 ரூபாய். கம்பெனி கொடுத்தது 1,74,200. ஜீரோ டெப் எடுத்திருந்ததால் இவ்வளவு வந்தது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாத்துக்கும் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டி வயசைப் பொறுத்து. நாலு வருஷம் தாண்டிய என் வண்டிக்கு 35 சதவீதம் போயிருக்கும். இது தவிர 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு ஆயிரம் ரூபாய் எல்லாரும் கட்டாயம் கட்டணும். டிக்கித் தகட்டை மாற்றாமல் தட்டி நேராக்கினால் போதும் என்று சர்வேயர் எழுதியிருந்தார். ரிப்போர்ட் நகல் கையில் இருந்ததால் அவர் ஏன் அப்படி எழுதினார் என்று புரிந்தது, நியாயமாகவும் பட்டது. ஒத்துக்கொண்டேன்.

என் கதை அவ்வளவுதான். 64 நாள் பஸ்ஸிலும் மச்சான் பைக்கிலும் போய் வந்தேன். சம்பளம் நிற்கவில்லை, அடுப்பு எரிந்தது.

இருபத்திரண்டாவது நாள் சர்வீஸ் சென்டரில் பார்த்த அண்ணன் கதை வேறு. சொந்தமாக ஒரு டாக்ஸி. அதுதான் பிழைப்பு. முன்பக்கம் நொறுங்கிய வண்டி ஷெட்டின் மூலையில் நாலாவது மாதமாக நிற்கிறது. மாசம் 14,800 ரூபாய் ட்யூ மட்டும் தவறாமல் போகிறது. வண்டி ஓடவில்லை என்பதற்காக பைனான்ஸ்காரன் விடுவானா? நான் டாக்டர் என்று தெரிந்ததும் ஒரு பேப்பரை நீட்டி, "இத கொஞ்சம் பாருங்க டாக்டர், இதால தான் நிக்குதுங்கிறாங்க" என்றார்.

அது ஏ.ஆர். காப்பி.

விபத்து, அடிதடி என்று யார் வந்தாலும் கேஷுவாலிட்டி டாக்டர் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் ஒரு பக்கம் எழுதுவார். பெயர், வயசு, ரெண்டு மச்ச அடையாளம், கூட்டி வந்தவர் யார், எத்தனை மணி, எங்கே நடந்தது, எப்படி நடந்ததாகச் சொல்கிறார்கள், என்னென்ன காயம், மது வாடை உண்டா. "எப்படி நடந்தது" என்பதற்கு அங்கே ஒரு வரிதான் இடம். அதை நோயாளி சொல்லலாம், 108-இல் வந்த ஊழியர் சொல்லலாம், ரோட்டில் தூக்கிவிட்ட யாரோ ஒருவர் சொல்லலாம். டாக்டர் நேரில் பார்த்தவர் இல்லை. சொன்னதை எழுதுகிறார். பக்கத்தில் இன்னும் நாலு பேர் ரத்தத்தோடு காத்திருப்பார்கள்.

அண்ணனின் ஏ.ஆரில் இருந்த வரி: காரும் இரு சக்கர வாகனமும் மோதியதில் காயம். நடந்தது என்னவென்றால், மாடு குறுக்கே வந்து, ஒடித்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியிருக்கிறார். பைக்கே கிடையாது. கிளைம் படிவத்தில் மாடு என்று எழுதியிருக்கிறார், ஏ.ஆரில் பைக் இருக்கிறது. கம்பெனிக்குச் சந்தேகம், விசாரணை அதிகாரி, ஃபைல் தூங்குகிறது. சந்தேகப்பட்டதை நான் தப்பு சொல்லமாட்டேன். பொய்க் கிளைம்கள் நிஜமாகவே வருகின்றன. சந்தேகத்தை எழுத்தில் சொல்லாமல் நாலு மாதம் வைத்திருந்ததுதான் அநியாயம்.

"இத மாத்திக் குடுக்கச் சொல்ல முடியுமா டாக்டர்?" என்று கேட்டார். முடியாது அண்ணே. ஏ.ஆர். சட்டப்படியான ஆவணம். எழுதிய டாக்டரே பின்னாடி திருத்தினால் அவருக்கு ஆபத்து, திருத்திய ஏ.ஆரைக் கோர்ட்டும் நம்பாது. "ஆஸ்பத்திரியில தெரிஞ்சவங்க மூலமா மாத்திடலாம்" என்று யாராவது பணம் கேட்டால் ஓடிவிடுங்க.

ஆனால் அதே ஆஸ்பத்திரியில் வேற பேப்பர்கள் உண்டு. அவர் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தேன். வந்தபோது ஜிசிஎஸ் 13 என்று இருந்தது. தலையில் அடிபட்டவரின் நினைவு நிலையை அளக்கும் கணக்கு இது. தெளிவாக இருந்தால் 15. பதின்மூன்று என்றால் ஆள் குழப்பத்தில் இருந்திருக்கிறார், நடந்ததைக் கோர்வையாகச் சொல்லும் நிலையில் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. அப்படின்னா பைக் கதை வேற யாரோ சொன்னது. ஏ.ஆரிலேயே "கூட்டி வந்தவர்" என்ற இடத்தில் 108 என்றுதான் இருந்தது. அடுத்த நாள் தெளிந்த பிறகு வார்டு டாக்டர் எழுதிய கேஸ் ஷீட்டில் அவரே சொன்ன விவரம் இருக்கணும். அதன் சான்றளித்த நகலைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு மனு எழுதச் சொன்னேன். நான் அவருக்கு வைத்தியம் பார்த்தவன் இல்லை, அதனால் நான் சர்டிபிகேட் தரமுடியாது, தரவும் கூடாது. மனு எழுதத்தான் உதவினேன்.

கம்பெனிக்கும் மெயில் போட வைத்தோம். கிளைம் நிற்பதற்கான காரணத்தை எழுத்தில் தரவும் என்று ஒரே கேள்வி. முதல் முறையாகக் காரணம் எழுத்தில் வந்தது: ஏ.ஆர். விவரம் முரண்படுகிறது. மூணு வாரத்தில் கேஸ் ஷீட் நகலும் வந்தது. "மாட்டைத் தவிர்க்கும்போது பாலச் சுவரில் மோதியதாக நோயாளி கூறுகிறார்" என்று மறுநாள் காலைத் தேதியுடன் இருந்தது. எஃப்ஐஆரிலும் இரண்டாவது வாகனம் இல்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கு இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். விபத்தில் அடிபட்டவரோடு யார் போனாலும், டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்கும்போது தெரிந்ததை மட்டும் சொல்லுங்க. நேரில் பார்க்கவில்லை என்றால் "பார்க்கல சார்" என்று சொல்லுங்க, அதையும் எழுதுவார்கள். ஓட்டியது யார், பின்னால் உட்கார்ந்தது யார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்க. நல்ல எண்ணத்தில் கதை சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று, விபத்தில் இறந்தவரின் வீட்டார் பலருக்குத் தெரியாதது. சொந்த வண்டியை உரிமையாளரே ஓட்டிப் போய் இறந்தால், பாலிசியில் உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று பாருங்க. 15 லட்சம் ரூபாய். செல்லுபடியாகும் லைசென்ஸும் அவர் பெயரில் ஆர்சியும் இருக்கணும். பைக்குக்கும் உண்டு.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் ஷீட் நகலை அனுப்பிய பிறகு "மறுபரிசீலனையில் உள்ளது" என்று ஒரு பதில். குறைதீர் அதிகாரிக்குப் போட்ட புகாருக்கு ஒரு மாதமாகப் பதிலே இல்லை. அதனால் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போயிருக்கிறார். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம்தான். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை உத்தரவு போடலாம். முதலில் கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் காத்திருக்கணும், அல்லது அவர்கள் பதில் திருப்தி இல்லாமல் இருக்கணும். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போயிடணும். விசாரணையை வீடியோவிலும் வைக்கிறார்கள். அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆன்லைனில் எல்லாவற்றையும் ஏற்றியது அவள்தான்.

இப்போது வேற ஒருத்தர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போகிறார். ட்யூ ரெண்டு மாதம் பாக்கி. ஹியரிங் தேதி இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.