ஐந்தில் ஒன்று தப்பும்

2019 டிசம்பர் 26, சூரிய கிரகண நாள், காலை எட்டு மணி. பொத்துவில் கரையில் மீன்வாடி ஒன்றின் பக்கத்தில் கமரா முக்காலியில் ஏறிவிட்டது. வில்லையின் வாயில் சூரிய வடிகட்டி. வரும் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். யூஎஸ்பி வயர் ஒன்று வாடிக்குள் நிழலில் இருக்கும் மடிக்கணினிக்குப் போகிறது. கல்முனையிலிருந்து வந்த தம்பிக்குக் கல்யாணப் படம்தான் தொழில். இன்று கமராப் பொத்தானில் விரல் வைக்கப் போவதில்லையாம்.

திரையில் 'எக்லிப்ஸ் ஓர்கெஸ்ட்ரேட்டர்' என்ற மென்பொருள். கமராவை அதுவே இயக்கும். அகலக்கோடு 6.9, நெடுங்கோடு 81.8 என்று கொடுத்தால், சந்திரன் சூரியனைத் தொடும் செக்கனை அதுவே கணக்கிடும். அதிலிருந்து எவ்வளவு நேரம் கழித்து, எந்த வேகத்தில் படம் என்று வரி வரியாக எழுதி வைக்க வேண்டும். முழுக்கிரகணக்காரர்களுக்கு இது உயிர். வடிகட்டியைக் கழற்றி, சூரியன் மறையும் கணத்தில் மின்னும் 'வைர மோதிர'த்துக்கு 1/4000 செக்கன், மங்கலான வெளி ஒளிவட்டத்துக்கு ஒரு செக்கன் என்று சில நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். வாய்பிளந்து நிற்பவன் கையால் ஆகிற காரியமா?

இன்றோ நெருப்பு வளையம் யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கம். நமக்குப் பிறைதான். அது எவ்வளவு மெலிந்தாலும் மிஞ்சிய துண்டின் பிரகாசம் பெரிதாகக் குறையாது. கடைசிவரை 1/500 போதும்.

"அப்ப இவ்வளவு ஏற்பாடு எதுக்குத் தம்பி?"

"மோடத்துக்கு, காக்கா."

மாரிகாலம். கடல் பக்கமிருந்து மேகம் கூட்டமாக ஏறுகிறது. எனவே நிமிடத்துக்கு ஐந்து படம்: 1/2000, 1/500, 1/125, 1/30, 1/8. எந்த மேகம் மறைத்தாலும் ஐந்தில் ஒன்று தப்பும் என்பது கணக்கு. மென்பொருளைவிட இந்த யோசனைதான் எனக்குக் கெட்டித்தனமாகப் பட்டது.

மணி 9.25. சுனாமியில் போனவர்களுக்காக நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம். இன்றோடு பதினைந்து வருடம். சூரியன் தன் அகலத்தளவு நகர்வதற்கும் ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான். முக்காலியை இடைக்கிடை திருப்பிக்கொடுக்கும் வேலையை மென்பொருள் செய்யாது. தம்பி முன்கூட்டியே சூரியனைச் சட்டத்தின் கீழ் இடது மூலையில் நிறுத்திவிட்டு, எல்லோரோடும் கைகட்டி நின்றார். கமரா தன்பாட்டில் ஐந்தைந்தாக அடித்தது.

கிரகணத் தொழுகை முடிந்து வந்த பெரியவரிடம் ஒரு பொடியன், சுனாமி நாளில் கிரகணம் வந்தால் ஏதும் நடக்குமா என்று கேட்டான். நபியின் மகன் இப்றாஹீம் மௌத்தான நாளிலும் கிரகணம் வந்தது, யாருடைய மௌத்துக்காகவும் அது வருவதில்லை என்று நபியே சொல்லிவிட்டார் என்றார் அவர்.

உச்ச நேரத்தில் தடித்த மேகம். 1/500 படம் வெறும் கறுப்பு. 1/30 இல் பிறை இருந்தது, கொம்புகள் இரண்டும் தெளிவாக.

அடுத்த வளையம் 2031 மே 21, வடக்கே. அப்போது மோடம் குறைவாக இருக்கும், மூன்று படம் போதும் என்கிறார் தம்பி. ஐந்தையும் வை என்றேன்.