கொக்குக்கு முதல் சீட்டு!

சின்ன வயசில், பெரம்பலூர் எறையூர் நரிக்குறவர் தாத்தா நாட்டுத் துப்பாக்கி கெட்டிப்பதை வாய் பிளந்து பார்ப்பேன். கரிமருந்து, தேங்காய் நார், ஈய ரவை... கம்பியால் ஒரே இடி!

"கடைத் தோட்டா விலைக்குக் கொக்கு கட்டுமா சாமி?" என்பார். பி.காமில்கூட இவ்வளவு தெளிவாக காஸ்டிங் சொல்லித் தரவில்லை.

வேட்டையை 1972-லேயே சட்டம் தடுத்தது, வயிறு விடவில்லை.

அரியலூர் கரைவெட்டி ஏரி 1999-ல் பறவைகள் சரணாலயமானது. நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் ஏறியது 2023-ல்.

போன மாசம் பஸ் ஸ்டாண்டில் தாத்தா பாசிமணி விற்றார். துப்பாக்கி? போயே போச்சாம்.

"கொக்குக்கு அப்பவே இடம் குடுத்துட்டாங்க. எங்களுக்கு இப்பத்தான் சாமி!"

பேரம் பேச வாய் வரவில்லை. ரெண்டு மாலை வாங்கினேன்.