கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுடா தம்பி" என்று போன வருடம் ஒரு பையனிடம் சொன்னேன். அதை வாபஸ் வாங்கத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் டெக்னிக்கலாகப் போகும். பயப்படாதீர்கள், பி.காம் படிக்கிற எனக்கே புரிந்த விஷயம்தான் :-)

எங்கள் துறை விழாவில் மாக் ஸ்டாக் போட்டி. பொய்க் காசு, பொய்ப் பங்கு, நிஜச் சண்டை. லேபில் இருபது கம்ப்யூட்டர், இருபது டீம். ஆர்டர் போடும் புரோகிராமை நானும் பி.சி.ஏ நண்பன் ஒருவனும் சேர்ந்து எழுதியிருந்தோம். விதி, நிஜப் பங்குச் சந்தையில் உள்ளதேதான். நல்ல விலை சொன்னவருக்கு முதல் உரிமை. இருவரும் ஒரே விலை சொன்னால் முதலில் வந்தவருக்கு.

கடைசிச் சுற்றில் 100 பங்குக்கு இரண்டு டீம் ஒரே விலை போட்டது. ஒரு ஆர்டரில் 11:42:07, இன்னொன்றில் 11:42:09. ஏழுக்குக் கொடுத்தேன். பரிசும் அவர்களுக்கே போனது. தோற்ற டீமில் இருந்த முதல் வருடப் பையன் வந்து, "அண்ணா, நான் போட்டு முடிச்சப்புறம்தான் அவங்க மவுஸையே தொட்டாங்க. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்" என்றான். அப்போது சொன்னதுதான் முதல் வரியில் உள்ள வசனம்.

எல்லாம் முடிந்து லேபில் ஒவ்வொரு மிஷினாக ஷட் டவுன் செய்யும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு திரையின் மூலையிலும் ஒவ்வொரு நேரம். ஜெயித்த டீமின் கம்ப்யூட்டர் ஐந்து வினாடி பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் புரோகிராம், ஆர்டர் போட்ட கம்ப்யூட்டரின் நேரத்தையே எடுத்து எழுதியது. அதாவது அவர்கள் 07-இல் போடவில்லை, 12-இல் போட்டிருக்கிறார்கள். பையன் சொன்னதுதான் உண்மை. அதற்குள் பரிசு கொடுத்து, போட்டோவும் எடுத்தாகிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் லால்குடி பாசஞ்சரைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் கைக்கடிகாரத்தில் இருப்பது மாதிரி ஒரு குவார்ட்ஸ் படிகம்தான். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 வினாடி போய்விடும். ஆளுக்கொரு நேரம் நமக்கு ஒன்றும் புதிதல்ல. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் தனி நேரம். ரயில் வந்த பிறகு அது ஒத்துவரவில்லை. 1792-இல் அமைந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் நேரத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. அது இன்றைய இந்திய நேரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்னால். 1906 ஜனவரி 1 முதல்தான் இப்போதுள்ள இந்திய நேரம். எங்கள் லேப் 1906-க்கு முன்னாலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து என்.டி.பி. டேவிட் மில்ஸ் என்பவர் உருவாக்கி, 1985-இல் முதல் வரையறை வந்தது. நம் கம்ப்யூட்டர் சர்வரிடம் "மணி என்ன?" என்று கேட்கும். கேள்வி கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், வந்த நேரம் என்று நான்கையும் வைத்து, வழியில் ஆன தாமதத்தில் பாதியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். போக எவ்வளவு ஆனதோ வரவும் அவ்வளவே என்ற நம்பிக்கை. என் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் அந்த நம்பிக்கை பொய்த்தது. மில்லிசெகண்ட் கணக்கில் ஆடிக்கொண்டே இருந்தது. பிடிவாதம் வந்துவிட்டது. வீட்டில் இருந்த இரண்டு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அதைவிடத் துல்லியமான பி.டி.பி-யில் இறங்கினேன். இது ஐ.இ.இ.இ 1588 என்ற தரம், 2002-இல் வந்தது.

இங்கே என் பெரியப்பாவைச் சொல்லியாக வேண்டும். தாலுகா ஆபீசில் தபால் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். "தபால் எப்ப வந்துச்சுங்கறது முக்கியமில்லடா, இன்வார்டு சீல் எங்க வச்சு குத்தறோம்கறதுதான் முக்கியம்" என்பார். பத்து மணிக்கு வந்த மனு மேஜையில் கிடந்து மூன்று மணிக்கு சீல் வாங்கினால், அது மூன்று மணி மனுதான். வாசலிலேயே குத்தினால் வம்பே இல்லை.

நெட்வொர்க்கிலும் அதே கதை. சாதாரணமாக நேர முத்திரை குத்துவது சாஃப்ட்வேர். பாக்கெட் வந்து, வரிசையில் நின்று, பிராசஸருக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது சீல். நல்ல நெட்வொர்க் கார்டில் தனியாக ஒரு கடிகாரமே இருக்கும். பாக்கெட் கம்பியைத் தொடும் இடத்திலேயே அது சீல் குத்திவிடும். அந்தச் சீலை மேலே புரோகிராமிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பியூன்தான் டிரைவர்.

ஈத்டூல் என்ற கட்டளையில் பார்த்தேன். என் மதர்போர்டில் இருந்த ரியல்டெக் கார்டில் அந்தக் கடிகாரமே இல்லை. டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு நாள் வீண். இல்லாத கடிகாரத்தை எந்த டிரைவரும் கொண்டுவராது. பிறகு திருச்சியில் பழைய பாகம் விற்கும் கடையில் இன்டெல் ஐ210 கார்டு இரண்டு வாங்கி, நடுவில் நேரே ஒரு கேபிள் போட்டேன்.

கடிகாரம் வந்தது, பியூன் வரவில்லை. "அனுப்பிய பாக்கெட்டின் நேர முத்திரைக்காகக் காத்திருந்தேன், கிடைக்கவில்லை" என்ற அர்த்தத்தில் பிழை. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் சரியாகலாம், ஆனால் டிரைவர் கோளாறாகத்தான் இருக்கும் என்றும் அதுவே சொல்கிறது! பாக்கெட் கிளம்பிய நேரத்தை கார்டு குறித்து வைத்திருக்கும். டிரைவர் அதை எடுத்துச் சேர்ப்பதற்குள் புரோகிராம் பொறுமை இழந்துவிடுகிறது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். பிழை குறைந்தது, போகவில்லை. கடைசியில் பழைய கர்னலைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன். அதோடு புது டிரைவரும் வந்தது. பிழை நின்றது.

சந்தோஷமாக நேரத்தைப் பார்த்தால் இரண்டாவது கம்ப்யூட்டர் சரியாக 37 வினாடி முன்னால். ஒரு வினாடி கூட இல்லை, குறைய இல்லை. பி.டி.பி சுமந்து வருவது அணுக்கடிகார நேரம். நாம் புழங்கும் நேரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஏற்ப 1972 முதல் அவ்வப்போது லீப் வினாடி சேர்த்து வந்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்த்தது நம் கணக்கில் 2017 ஜனவரி 1 காலை 5:29:59-க்கு அடுத்து. அதோடு மொத்த வித்தியாசம் 37 ஆனது. அதைக் கழிக்கச் சொல்லும் இடத்தில் நான் பூஜ்யம் போட்டிருந்தேன். எங்கேயோ பார்த்துக் காப்பி அடித்ததன் பலன்.

சரி செய்ததும் இரண்டு கடிகாரமும் 100 நானோசெகண்டுக்குள் ஒட்டிக்கொண்டன. அதாவது ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு. அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கா ஒரு மாசம்?" என்றார்.

நியாயமான கேள்வி. மாக் ஸ்டாக்குக்கு இது தேவையே இல்லை. ஆனால் நிஜச் சந்தையில் ஆர்டர் போடுவது விரல் அல்ல, மிஷின். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜனவரி முதல், அதிவேக வர்த்தகம் செய்பவர்களின் கடிகாரம் உலக நேரத்திலிருந்து 100 மைக்ரோசெகண்டுக்கு மேல் விலகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கேயும் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர் கடிகாரங்களை என்.ஐ.சி அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்த வேண்டும், அல்லது அவற்றை ஒட்டி ஓடும் வேறு சர்வரோடு. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தேதி முதல் கட்டம் என்று முதல் வருடத்திலேயே படித்தேன். அந்தத் தேதியை யார் எழுதினார்கள் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

இந்த வருடப் போட்டிக்குச் செய்தது ரொம்பச் சின்ன மாற்றம். ஆர்டர் சர்வருக்கு வந்து சேரும்போது, ஒரே இடத்தில், ஒரே கடிகாரத்தில் சீல். பெரியப்பா முறை.

அந்தப் பையனைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசு கொடுத்தவரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"விடுங்கண்ணா. ஆனா அன்னிக்கே அந்த மிஷின்ல மணி என்னன்னு பார்த்திருக்கலாம்ல?"

பார்த்திருக்கலாம். இரண்டு அடி தூரம்தான்.